யாரும் கேட்காத பூ

போன மாதம் தாம்பரம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். சாப்பிட்டுக் கைகழுவிக் கிளம்பும்போது தாம்பூலப் பைக்குக் கை நீட்டினால், ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டியைக் கையில் வைத்தார்கள். சாண் உயரத்துக்கு ஒரு ரோஜாச் செடி. அதில் நாலைந்து பூ, ஒவ்வொன்றும் பழைய எட்டணாக் காசு அளவு, இளஞ்சிவப்பு. இப்போதெல்லாம் தேங்காய்க்குப் பதிலாகச் செடிதான் கொடுக்கிறார்களாம். வெற்றிலை பாக்கு மட்டும் விட்டுவிட மனம் வராமல் தனியாக ஒரு காகித உறையில் இருந்தது.

காரில் பேத்தி பூவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "பாட்டி, இதுல வாசனையே இல்ல" என்றாள்.

வாசனைதான் பழசையெல்லாம் கிளறும் என்று சொல்வார்கள். எனக்கு அன்று வாசனை இல்லாததே போதுமாக இருந்தது. "வாசமில்லாத பூவை என்னத்துக்குட்டி வளக்கா இவ?" என்று எங்கள் ஆச்சி திண்ணையிலிருந்து போடும் சத்தம் அப்படியே காதில் விழுந்தது. 'இவ' என்பது அத்தை, என் அப்பாவின் அக்கா.

எங்கள் ஊர் தோவாளைக்குப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே, ஒருபக்கம் மலையும் மறுபக்கம் வயலுமாகக் கிடக்கும் ஊர்களில் ஒன்று. பூச்சந்தை கூப்பிடு தூரத்தில் இருந்ததாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் பூ என்றால் பார்த்து ரசிக்கிற சாமான் இல்லை, வேலை. விடியுமுன் எழுந்து பிச்சி பறிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் ஆகாது. பறித்ததைத் தொடுக்க வேண்டும். தொடுத்ததை ஈரத்துணியில் சுற்றிப் பங்கு வைக்க வேண்டும். வீட்டு முற்றத்திலும் கிணற்றடியிலும் நின்ற ஒவ்வொரு செடிக்கும் உரிமையாளர் உண்டு. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சாமி படத்துக்கு. அரளி கோவிலுக்கு. பிச்சி அம்மாவுக்கும் சித்திக்கும். கனகாம்பரம் பண்டிகை நாளில் வருகிறவர்களுக்கு. கிணற்றடிப் பன்னீர் ரோஜா பூத்தால் என் சடைக்கு. வெள்ளிக்கிழமை பூத்துவிட்டால் அதுவும் சாமிக்கு. (சாமி என் ரோஜாவைப் பறித்துக்கொண்ட வெள்ளிக்கிழமைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.) ஒரு பூ பறிபடாமல் செடியிலேயே நின்று வாடிப்போனால், வீட்டுப் பெண்கள் சோம்பேறிகள் என்பதற்கு ஆச்சிக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அத்தைக்கு மட்டும் எந்தச் செடியிலும் பங்கு கிடையாது. கல்யாணமாகிப் போன சில வருஷத்திலேயே மாமா தவறிவிட, பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. ஆனால் பூத்தொடுப்பதில் அவளை அடிக்க எங்கள் தெருவில் ஆளில்லை. வாழைநாரை நனைத்துக் கிழித்து, கால் பெருவிரலில் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே தொடுப்பாள். கண் பூவில் இருக்காது. முழம் முழமாகச் சுருட்டி வாழையிலையில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அவள் வைத்துக்கொள்ளாததைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததில்லை. வீட்டுக்கு வாசல் கிழக்கே இருப்பது மாதிரி அதுவும் ஒன்று.

சித்தப்பா அப்போது குன்னூரில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல்தான். அதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, திருநெல்வேலி வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் சேரவேண்டும். ஒருமுறை வரும்போது துரை பங்களாத் தோட்டத்திலிருந்து ரோஜாக் குச்சிகள் கொண்டுவந்தார். அம்மா கேட்டிருந்தது பெரிய ரோஜா, கைப்பிடி கொள்ளாத ரோஜா. அதில் ஒரு கட்டு. கூடவே தோட்டக்காரர் ஏதோ தோன்றிச் சேர்த்துக் கொடுத்த, தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த சில குச்சிகள். ஈரச்சாக்கில் சுற்றி, மேலே வாழைத்தடை வைத்துக் கட்டியிருந்தது.

பெரிய குச்சிகளுக்கு ராஜ உபசாரம். செம்மண், மணல், மக்கிய சாணம் எல்லாம் கலந்து முற்றத்தில் குழியெடுத்து நட்டார்கள். சின்னக் குச்சிகளை யாரும் திரும்பிப் பார்க்காததால் அத்தை எடுத்துக்கொண்டாள். அடியைச் சாய்வாகச் சீவி, ஆணியால் ஓட்டை போட்ட டால்டா டப்பாவில் நட்டு, ஒவ்வொரு குச்சியின் தலையிலும் சுண்டைக்காய் அளவு சாணி உருட்டி வைத்தாள். வெட்டுவாய் காய்ந்துவிடாமல் இருக்க எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம். கிணற்றடித் துவைகல்லுக்குப் பின்னால், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் டப்பாவை வைத்தாள்.

பெரியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்துப்போயின. அவை ஒட்டுக்கட்டி வளர்க்கிற சாதி. வேறொரு ரோஜாவின் வேரில் நின்று பழகியவை. குச்சியாக வெட்டி வைத்தால் நம் வெக்கையில் பிழைப்பது பெரும்பாடு என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. சின்ன ரோஜா சொந்த வேரிலேயே வளர்கிற சாதி. சாணி உருண்டை உலர்ந்து விழுவதற்குள் கணுவில் சிவப்பாகத் துளிர் விட்டுவிட்டது.

அந்தச் செடியை நான் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரிய ரோஜாவில் உள்ளதெல்லாம் அதில் இருந்தது, எல்லாம் சின்னதாக. இலை ஓரத்தில் ரம்பப் பல், அதுவும் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். முள் கூட உண்டு. குத்தினால் வலிக்காது, சுருக்கென்னும். மொட்டு முதலில் மிளகளவு. பச்சைப் புல்லி விலகி நுனியில் கீற்றாக ஒரு சிவப்பு காட்டும். அப்படியே இரண்டு நாள் யோசிக்கும். பிறகு வெளிவட்டம் விரியும், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. நடுவில் அழுத்தமான ரோஸ், ஓரத்துக்கு வர வர வெளுப்பு. முதல் நாள் இருந்த நிறம் நாலாம் நாள் இருக்காது. ஒரு வாரம் போனபின் இதழ் தாளாகிவிடும், ஆனால் உடனே கொட்டாது. எங்கள் வீட்டில் ஒரு பூ செடியிலேயே இருந்து வயசாவதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

ஏனென்றால் அதைப் பறிக்க யாருக்கும் காரணம் இல்லை. வாசமில்லாததால் ஆச்சி சாமிக்கு வைக்க மறுத்துவிட்டாள். செம்பருத்திக்கு மட்டும் என்ன வாசம் இருக்கிறது என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆச்சியின் சாஸ்திரம் அந்தந்தச் செடிக்குத் தனித்தனி. அம்மாவுக்கு அது சரத்தில் சேராத பூ. எனக்குக் கொஞ்ச நாள் ஆசை இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் ஒன்றைக் கிள்ளி ஸ்லைடில் செருகப் பார்த்தேன். காம்பு விரற்கடைகூட இல்லை. தெருமுனை தாண்டுவதற்குள் விழுந்துவிட்டது. சாயங்காலம் அத்தை திட்டவில்லை. "அதைப் பறிக்காண்டாம், கேட்டியா. ஒனக்குப் பன்னீர் ரோஜா இருக்கு. இது அங்ஙனயே கிடக்கட்டு" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஆனி ஆடியில் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவாய் வழியாகப் பாய்ந்துவரும் அந்தக் காற்றை நம்பித்தான் பிற்காலத்தில் முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டார்கள். அந்த மாதங்களில் முற்றத்து வாழை கிழிந்து தொங்கும். பன்னீர் ரோஜாவின் நீண்ட கொப்பு சுவரில் உரசியே மொட்டெல்லாம் உதிரும். அத்தையின் செடி முழங்காலுக்குக் கீழே, குட்டையாய், அடர்த்தியாய், துவைகல் மறைவில் நின்று தன் பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். அதற்கு எதிரி காற்றில்லை, மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மண் எங்களுடையது. ஈரம் நின்றால் இலையில் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி, ஒரே வாரத்தில் செடி மொட்டையாகும். விழுந்த இலையை ஒன்றுவிடாமல் பொறுக்கி அடுப்பில் போடுவாள் அத்தை. மார்கழி பிறக்குமுன் செடியைப் பாதிக்குமேல் வெட்டிவிடுவாள். அம்மா பதறுவாள். பொங்கலுக்குள் துளிர்த்துக்கொண்டு நிற்கும். யார் அவளுக்குக் கவாத்து சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிண்ணாக்குத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் போதும் என்பது அவள் கட்சி. இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போது நானும் அந்தக் கட்சிதான்.

வெட்டிய குச்சிகளைத் தூக்கிப் போடமாட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கேட்டவர்கள் யார் யார் என்பதுதான் விசேஷம். கடைக்கோடி வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர், பெண்டாட்டி இல்லாதவர். கல்யாணமாகாத தையல் டீச்சர். சர்ச் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி. பூ வைத்துக்கொள்ளும் வீடுகளிலிருந்து யாரும் வந்ததாக நினைவில்லை.

பல வருஷம் கழித்து, கணவருக்கு மாற்றலாகிப் போன ஓர் ஊரின் நூலகத்தில் ரோஜாப் புத்தகம் ஒன்று கிடைத்தது. சின்ன ரோஜாக்களின் பூர்வீகம் சீனம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அவை பேர்போனவை. பிறகு பெரிய ரோஜா மோகத்தில் மறக்கப்பட்டு ஏறக்குறைய இல்லாமலே போயின. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ரூலே என்ற ராணுவ மருத்துவர், சுவிட்சர்லாந்தின் மோபோர்ழே என்ற மலைக்கிராமத்தில் வீட்டு ஜன்னல்களில் சிறு தொட்டிகளில் ஒரு குட்டி ரோஜா நிற்பதைப் பார்த்துவிட்டுத் தன் நண்பர் ஹென்ரி கொரவோனிடம் சொல்கிறார். கொரவோன் ஜெனீவாவின் பேர்பெற்ற செடி வளர்ப்பாளர். அவர் தேடுவதற்குள் கிராமம் தீப்பிடித்து எரிந்துவிட்டது. விடாமல் பக்கத்து ஊரான ஒனானில் விசாரித்து, ஒரு வீட்டில் மிஞ்சி நின்ற செடியைக் கண்டுபிடித்தார். நண்பர் பெயரையே அதற்கு வைத்தார். அதன் பூ இளஞ்சிவப்பு.

அதற்குப் பிறகு நடந்தது தோட்டக்காரர்களின் கதை. ஹாலந்தின் போஸ்கோப்பில் யான் தெ விங்க் அதை வேறு ரோஜாவோடு சேர்த்து 1930களில் 'டாம் தம்ப்' என்ற சிவப்புக் குட்டியை உண்டாக்கினார். கலிபோர்னியாவின் விசேலியாவில் ரால்ப் மூர் என்பவர் வாழ்நாள் முழுக்க இதே வேலையாக இருந்து, நூற்றுக்கணக்கான குட்டி ரோஜா வகைகளைப் பிறப்பித்துவிட்டு, 2009இல் நூற்றிரண்டு வயதில்தான் போனார். துரை பங்களாவில் நின்றது இவற்றில் எதன் வாரிசு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குப் பிடித்தது அந்த ஜன்னல்கள்தான். ஊர் உலகமே கைவிட்ட ஒரு செடியை, மாடு மேய்க்கிற மலைச்சனங்கள் காரணமில்லாமல் தலைமுறை தலைமுறையாய்த் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்களே, அவர்களில் எங்கள் அத்தை மாதிரி எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

தாம்பரத்துத் தொட்டியை மறுநாள் கவிழ்த்துப் பார்த்தேன். தென்னைநார்க் கழிவில் நாலு தனிச்செடிகள். நெருக்கமாகத் தெரியவேண்டும் என்று ஒரே தொட்டியில் நாலு குச்சியை ஊன்றி விடுகிறார்கள். அப்படியே வைத்தால் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு நாலும் சாகும். வாங்கினவர்கள் தங்களுக்குக் கைராசி இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வேரை அலசிப் பிரித்து நாலு தொட்டியில் வைத்தேன். மூன்றை எங்கள் மாடிக்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று.

இடையில் தோவாளைச் சந்தையும் மாறியது. நான் சிறுமியாக இருந்தபோது அங்கே பிச்சியும் அரளியும் கொழுந்தும்தான் குவியலாகக் கிடக்கும். மாணிக்கமாலை கட்டுகிறவர்கள் அரளியையும் நொச்சியிலையையும் மடித்து மடித்துப் பாய் முடைவார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் படித்தபோது, அதைக் கட்டிய விரல்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றியது, அது வேறு பேச்சு. பின்னாளில் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரி லாரிகளில் ரோஜா வர ஆரம்பித்தது. பாக்கெட் ரோஸ், ஸ்டெம்பு ரோஸ், பட்டன் ரோஸ். அத்தை ஒருநாள் ஒரு விசேஷத்துக்குப் பூ வாங்க என்னோடு வந்தாள். பட்டன் ரோஸ் காம்பே இல்லாமல் தலைதலையாகச் சாக்கில் கொட்டிக் கிடந்தது. நம் வீட்டுப் பூவைவிடக் கொஞ்சம் பெரிது, நிறமும் அழுத்தம். வியாபாரி தராசுத் தட்டில் அள்ளி அள்ளிப் போட்டான். அத்தை ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "இதுக்கும் வாசமில்ல. ஆனா கிலோ கணக்குல சாமிக்குப் போவுது. அம்மை இருந்திருந்தா இந்தச் சந்தையவே மூடிருப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆச்சி போன பிறகு வீட்டில் பல விஷயங்கள் சத்தமில்லாமல் தளர்ந்தன. சித்தி மகள் கணவனை இழந்தபோது பொட்டையும் பூவையும் எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. அவளுக்குச் சரம் கட்டிக்கொடுத்தது அத்தைதான். அந்தத் தைரியத்தில் என் தம்பி பெண்டாட்டி ஒரு நல்ல நாளில் அத்தையிடமும் ஒரு துண்டுப் பிச்சியை நீட்டினாள். அத்தை தலையைத் தடவிக்காட்டி, "எட்டி, வைக்கதுக்கு இதுல முடி எங்க இருக்கு?" என்றாள். கோபமா, வருத்தமா, உண்மையிலேயே வேடிக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை. அத்தை முகத்தில் எதுவும் எழுதி வைத்திருக்க மாட்டாள்.

அவளை ஊட்டிக்குக் கூட்டிப்போனது கடைசிக் காலத்தில். ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூறாவது ஆண்டை ஒட்டி, 1995இல் எல்க் ஹில் சரிவில் ஐந்து அடுக்காக அமைத்த ரோஜாப் பூங்கா அது. 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு ஜப்பானின் ஒசாகாவில் அதற்கு விருது கொடுத்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, "அதைப் பாக்கணும்" என்று அவளாகவே கேட்டாள். எதையும் கேட்டுப் பழகாதவள்.

ஆயிரக்கணக்கான செடிகள். தட்டு அகல மஞ்சள், கறுப்பேறிய சிவப்பு, ஊதா. கைத்தடியை ஊன்றி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள், அவசரமே இல்லை. குட்டி ரோஜாப் பாத்தி வந்ததும் குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். "செவப்புச் சிலந்தி இருக்கு. தண்ணிய இலைக்கு அடியில பீச்சச் சொல்லு" என்று பக்கத்தில் நின்ற காவலாளியிடமே சொன்னாள். அவர் தலையாட்டினார். அப்போதுதான் பாத்தி ஓரத்தில் இருந்த பலகை அவள் கண்ணில் பட்டது. பூக்களைப் பறிக்காதீர்கள். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "இப்பிடி ஒரு பலகை எழுதிக்கிட்டலாம்னு எனக்குத் தோணாமப் போச்சே. அம்மைக்கு வாசிக்கத் தெரியாது, அது வேற காரியம்" என்றாள்.

வெளியே சாலையோரத்தில் செடி விற்கிறவர்கள் வரிசையாக இருந்தார்கள். கறுப்புப் பையில் இளஞ்சிவப்புக் குட்டி ரோஜாக்கள். பையன் ஒருவன், இருபது வயசு இருக்கும், அத்தையின் வெள்ளைச் சேலையையும் திருநீற்றையும் பார்த்து வியாபாரத்தைத் தொடங்கினான்.

"எடுத்துக்கோங்க பாட்டி. வருஷம் பூராப் பூக்கும். தினம் பறிச்சுச் சாமிக்கு வைக்கலாம்."

"சாமிக்கு நெறையப் பேரு வைக்கா. பறிக்காம விட்டா எத்தன நாளு நிக்கும்? அதச் சொல்லு."

பையன் முழித்தான். இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. "பத்து நாள் இருக்கும் பாட்டி."

"எங்க ஊரு வெயிலுக்கு?"

"ஒரு ஏழு நாள்."

"உண்மையச் சொல்லுகான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நல்லதாக இரண்டு பொறுக்கினாள். பிறகு சேலை முந்தியை அவிழ்த்து, விலையில் பாதியை எண்ணி எடுத்துக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்தாள்.